நடுவானில் 2½ மணி நேரம் வட்டமடித்த திருச்சி விமானம்: பைலட்டுகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் 'உயிர் பரீட்சை'

சங்கரன்கோவில்,

குருவிகுளம், சங்கரன்கோவில் சுற்றுவட்டார கரிசல் கிராமங்களில் இருந்து துபாய், சார்ஜா, மஸ்கட் என்று வேலைக்கு போனவர்கள் பலர் உண்டு. ஊருக்கு வரும்போது திருவனந்தபுரம், மதுரை, திருச்சி என்று எந்த ஊருக்கு டிக்கெட் மலிவோ அங்கே இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். விமானம் ஏறிவிட்டேன் என்று போன் வந்ததில் இருந்து, இறங்கிவிட்டேன் என்று அடுத்த போன் வரும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரிதான் இருக்கும்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி மாலை அப்படித்தான் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. திருச்சியில் இருந்து சார்ஜாவுக்கு புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 141 பயணிகள் இருந்தனர். மாலை 5.40 மணி அளவில் கிளம்பிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உடனே சார்ஜா பயணம் ரத்து செய்யப்பட்டது. விமானம் திருச்சி வட்டாரத்தையே சுற்றிச்சுற்றி வந்தது.

கீழே ஆம்புலன்சுகளும், தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. "சக்கரம் இறங்கவில்லை, வயிற்றால் தரை தட்டப் போகிறது" என்று ஒரு வதந்தி வேறு. இரவு 8.15 மணி அளவில் விமானம் சக்கரத்தை இறக்கி, வழக்கம்போல ஓடுபாதையில் வந்து நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை.

பைலட்டுகளை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இது அதிர்ஷ்டமோ, அசாத்திய துணிச்சலோ மட்டும் இல்லை. இதே கோளாறை அவர்கள் ஏற்கனவே தரையில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பலமுறை சமாளித்துப் பழகியவர்கள். லைசென்சு வாங்கிவிட்டோம், இனி ரிட்டயர் ஆகும்வரை ஓட்டலாம் என்ற பேச்சே விமானத்தில் கிடையாது. 6 மாதத்துக்கு ஒருமுறை பரீட்சை. தேறினால்தான் அடுத்த பயணம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஏன் உடனே இறங்கவில்லை?

கோளாறு என்று தெரிந்ததும் பட்டென்று இறங்க வேண்டியதுதானே என்று அன்றைக்கு டீக்கடை டீக்கடையாக கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

திருச்சியில் கிளம்பியது போயிங் 737-800 ரகம். இது பயணிகள், சரக்கு, எரிபொருள் எல்லாம் சேர்த்து சுமார் 79 டன் எடை வரை தூக்கிக்கொண்டு கிளம்பும். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் எடையோடு இறங்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆபத்து. நெல் மூட்டை ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்கினால் பட்டை உடைவது மாதிரி.

சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வசதி உண்டு. 737-ல் அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் எரியும். அதனால்தான் அந்த 2½ மணி நேர சுற்று.

ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் முறை. ஜே.சி.பி. எந்திரத்தின் கை தூக்குவதும் இதே முறைதான். சக்கரம், பிரேக், இறக்கை மடல்கள், திசை திருப்பும் பாகங்கள் எல்லாம் இதை நம்பி இருக்கின்றன. 737-ல் இது ஒன்று அல்ல, 'ஏ', 'பி' என்று இரண்டு தனித்தனி அமைப்புகள். அதற்கும் மேலே அவசரத்துக்கு ஒன்று.

சக்கரத்துக்கான அழுத்தம் போய்விட்டாலும் வழி இருக்கிறது. பைலட் அறையின் தரையில் ஒரு மூடி. அதற்குள் 3 கைப்பிடிகள். ஒவ்வொன்றாக இழுத்தால் பூட்டு விடுபட்டு, சக்கரம் தன் சொந்த எடையிலேயே கீழே விழுந்து நிற்கும். கேட்பதற்கு கிணற்று வாளி மாதிரி எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எதற்குப் பிறகு எது என்று வரிசை மாறாமல் செய்ய வேண்டும். அந்த வரிசைதான் பயிற்சி.

ஆறு கால் பெட்டி

இந்தப் பயிற்சி நடக்கும் எந்திரத்துக்கு 'சிமுலேட்டர்' என்று பெயர். வெளியே இருந்து பார்த்தால் ஆறு நீண்ட கால்களில் நிற்கும் வெள்ளை நிற பெட்டி. உள்ளே போனால் அச்சு அசலாக பைலட் அறை. அதே சீட், அதே பட்டன், அதே சத்தம். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை, மேகம், மழை, மின்னல் எல்லாம் திரையில் தெரியும். கால்கள் ஏறி இறங்குவதால் வயிறு கூட நிஜ விமானம் மாதிரியே புரட்டும்.

1929-ல் அமெரிக்காவின் எட்வின் லிங்க் என்பவர் ஒரு சிமுலேட்டரை செய்தார். அவரது குடும்பத்தினர் ஆர்கன் இசைக்கருவி செய்பவர்கள். அந்த கருவியில் காற்றை ஊத பயன்படும் துருத்தியை வைத்தே அவர் தன் பெட்டியை ஆட வைத்தார். கொல்லன் பட்டறை துருத்தியின் தூரத்து சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இந்தியாவில் குர்கான், நொய்டா, மும்பை, ஐதராபாத், பெங்களூர் போன்ற இடங்களில் இந்த பெட்டிகள் இருக்கின்றன. கேப்டனும் துணை பைலட்டும் சேர்ந்து உள்ளே போவார்கள். அவர்களுக்கு பின்னால் பரீட்சை அதிகாரி ஒரு திரையோடு உட்கார்ந்திருப்பார். அவர் கையில்தான் எமன் வேலை. ஒரு பட்டனை தொட்டால் என்ஜினில் தீ. இன்னொன்றை தொட்டால் ஹைட்ராலிக் காலி. அடுத்ததை தொட்டால் கேபினுக்குள் புகை. சுமார் 4 மணி நேரம் விடாமல் இது நடக்கும்.

சில சமயம் பைலட்டுகளில் ஒருவரை, "நீங்கள் மயங்கி விழுந்தது போல நடியுங்கள்" என்று ரகசியமாக சொல்லிவிடுவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் அதை எத்தனை நேரத்தில் கண்டுபிடிக்கிறார், தனியாளாக எப்படி இறக்குகிறார் என்று பார்ப்பார்கள்.

பரீட்சையில் தவறாமல் வருவது ஓடுபாதையில் என்ஜின் பழுதாவது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அன்றைய எடை, காற்று, வெயில், ஓடுபாதை நீளம் எல்லாம் பார்த்து ஒரு வேகத்தை கணக்கு போட்டு வைப்பார்கள். 'வி ஒன்' என்று பெயர். 737-க்கு பெரும்பாலும் மணிக்கு 250 கிலோ மீட்டரை ஒட்டி வரும். அதற்கு முன் கோளாறு வந்தால் பிரேக் போட்டு நிறுத்தலாம். அதை தாண்டிவிட்டால் நிறுத்த முடியாது, ஒற்றை என்ஜினோடு மேலே போயே ஆக வேண்டும்.

அந்த வேகம் வந்ததும் கேப்டன் என்ஜின் விசையில் இருந்து கையை எடுத்துவிட வேண்டும். பயத்தில் கை தானாக பின்னால் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. யோசிக்க கிடைப்பது ஒன்றிரண்டு வினாடிதான். யோசித்து செய்கிற வேலை இல்லை, பழகிப்பழகி கை தானாக செய்கிற வேலை. அந்த பழக்கம் 6 மாதத்தில் மங்க ஆரம்பித்துவிடும் என்பதால்தான் திரும்பத்திரும்ப பரீட்சை.

தேறாவிட்டால்? கூடுதல் பயிற்சி, மறுபடியும் பரீட்சை. தேறும் வரை பயணிகள் விமானத்தில் கை வைக்க முடியாது. 20 ஆண்டு அனுபவம் உள்ள கேப்டனாக இருந்தாலும் இதே கதிதான். இது போக, நிஜ பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் சோதனை, வருடாந்திர வகுப்புகள், டாக்டர் பரிசோதனை என்று வரிசையாக இருக்கிறது. 60 வயதை தாண்டியவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை உடல் தகுதி சோதனை. 65-க்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது.

துண்டுச்சீட்டு பிறந்த கதை

1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புதிய ராணுவ விமானம் ஒன்று கிளம்பிய வேகத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் தலைசிறந்த சோதனை பைலட். விமானத்தில் எந்த பழுதும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் பாகம் ஆடாமல் இருக்க போடும் பூட்டை, கிளம்பும் முன் எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இந்த விமானத்தை ஒரு மனிதனின் ஞாபகசக்தியை நம்பி ஓட்ட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி வைத்து, ஒருவர் படிக்க, ஒருவர் சரிபார்க்கும் 'செக் லிஸ்ட்' முறை வந்தது. இன்றைக்கும் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்த கேப்டனும் சீட்டை எடுத்து படித்துத்தான் கிளம்புகிறார். மளிகை கடைக்கு போகும்போது சீட்டு எழுதாமல் போய், உப்பை மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

"ஏறிடுங்க சார்" என்று சொல்லியும் கேட்கவில்லை

எந்திரத்தை சமாளிப்பது பாதி பயிற்சி. மீதி பாதி, பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்வதை கேட்பது. ஒரு பஸ்சில் கண்டக்டர் விசில் அடித்தால் டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும். யார் சீனியர் என்று பார்ப்பது இல்லை. விமானத்தில் அந்த பழக்கம் வர ரொம்ப நாள் ஆனது.

1978 டிசம்பர் 28-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர் அருகே யுனைடெட் நிறுவன விமானம் சக்கர கோளாறு என்று சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது. கேப்டனின் கவனம் முழுக்க சக்கரத்தில். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் தயங்கித் தயங்கி சொன்னார்கள். அழுத்திச் சொல்ல தைரியம் வரவில்லை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் பலியானார்கள். திருச்சியிலும் சுற்று, அங்கேயும் சுற்று. ஒன்று கணக்கோடு சுற்றியது, மற்றொன்று கணக்கை மறந்து சுற்றியது.

அதற்கு பிறகுதான் 1979-ல் நாசா கூட்டிய கருத்தரங்கில் இருந்து, பைலட்டுகள் கூட்டாக வேலை செய்ய தனிப்பயிற்சி பிறந்தது. இன்று உலகம் முழுக்க இது கட்டாயம்.

கட்டாயம் ஆன பிறகும் நம் நாட்டில் நடந்தது என்ன?

2010 மே 22-ந் தேதி துபாயில் இருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையை தாண்டி பள்ளத்தில் விழுந்து 158 பேர் கருகினார்கள். 8 பேர் மட்டும் பிழைத்தார்கள். கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி நேரம் தூங்கியிருக்கிறார். இறங்கும்போது விமானம் தேவைக்கு மேல் உயரத்தில், வேகத்தில் இருந்தது. இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறுங்கள் என்று துணை பைலட் 3 முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

பத்து ஆண்டு கழித்து 2020 ஆகஸ்டு 7-ந் தேதி கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே துபாய் வழித்தடம். 190 பேர் இருந்தார்கள். கொட்டும் மழையில், பின்னால் இருந்து காற்று தள்ள, விமானம் ஓடுபாதையின் பாதி தூரத்தில்தான் தரை தொட்டது. இங்கேயும் மேலே ஏறச் சொல்லி துணை பைலட் குரல் கொடுத்தார். இங்கேயும் பலன் இல்லை. இரு பைலட்டுகள் உள்பட 21 பேர் பலி. நிர்ணயித்த நடைமுறையை பின்பற்றாததே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை கூறியது.

சரியாக இறங்க முடியவில்லை என்றால் மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது குற்றம் அல்ல, கவுரவ குறைச்சலும் அல்ல. அதற்காக பைலட்டை தண்டிக்கவும் கூடாது. ஆனால் உள்ளே இருக்கும் பயணிகள் அப்போது சலித்துக்கொள்கிறார்கள். இறங்கப் போன விமானம் திடீரென்று மேலே ஏறினால் அடுத்த முறை சலித்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

திருச்சியில் சுவரை இடித்த இரவு

அதே திருச்சியில் 2018 அக்டோபர் 12-ந் தேதி அதிகாலையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துபாய் கிளம்பிய விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆண்டெனாவையும், சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. உள்ளே 136 பேர். இடித்ததே பைலட்டுகளுக்கு தெரியவில்லை. பிறகு விமானம் மும்பைக்கு திருப்பி விடப்பட்டு பத்திரமாக இறங்கியது.

ஓடிக்கொண்டிருக்கும்போது கேப்டனின் சீட் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்ததும், அந்த களேபரத்தில் என்ஜின் சக்தி குறைந்ததை கவனிக்காமல் விட்டதும் விசாரணையில் வெளிவந்தது. சீட் சரிவது சாதாரண விஷயம். அந்த ஒரு நிமிடத்தில் மீட்டரை யார் பார்ப்பது என்பதுதான் பெரிய விஷயம்.

திருவனந்தபுரத்தில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். 2016 ஆகஸ்டு 3-ந் தேதி அங்கிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் இறங்கும்போது சக்கரம் தரையை தொட்டுவிட்டது. அதன் பிறகு பைலட்டுகள் மறுபடி மேலே ஏற முயன்றார்கள். வேகம் கூட்டும் பட்டனை அழுத்தினார்கள். ஆனால் சக்கரம் தரை தொட்ட பிறகு அந்த பட்டன் வேலை செய்யாதபடிதான் விமானத்தையே செய்திருக்கிறார்கள். என்ஜின் சக்தி கூடவில்லை. விமானம் தொப்பென்று விழுந்து தீப்பிடித்தது. 300 பேரும் தப்பினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் பலியானார்.

மேலே ஏறும் பயிற்சி எல்லாம் நடந்திருந்தது. ஆனால் சக்கரம் தரையை தொட்ட பிறகு ஏறும் பயிற்சி போதவில்லை என்று அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒரு விபத்து நடந்தால் அடுத்த வருட பரீட்சையில் அது கேள்வியாக வந்துவிடும். ஆறு கால் பெட்டிக்குள் நடக்கும் நாடகங்களில் பல இப்படி யாரோ உயிரை கொடுத்து எழுதியவை.

பரீட்சையிலும் 'டிமிக்கி'

இவ்வளவு முக்கியமான பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா? மத்திய அரசின் விமான போக்குவரத்து இயக்குனரகமான டி.ஜி.சி.ஏ. பிடித்த சில சம்பவங்கள் கொஞ்சம் கலக்கத்தை தருகின்றன.

2022 ஏப்ரலில் ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் 90 பைலட்டுகள் 737 மேக்ஸ் ரக விமானத்தை ஓட்ட தடை விதிக்கப்பட்டது. பயிற்சி நடந்த சிமுலேட்டரில், விமானம் விழப்போகிறது என்று கைப்பிடியை உதறி எச்சரிக்கும் கருவியே வேலை செய்யவில்லை. அடுத்த மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம்.

2023 பிப்ரவரியில் ஏர் ஏசியா இந்தியா நிறுவனத்துக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம். பைலட்டுகளின் பரீட்சையில் கட்டாயம் நடத்த வேண்டிய சில பயிற்சிகளை நடத்தாமல் விட்டதுதான் காரணம். பரீட்சை அதிகாரிகள் 8 பேருக்கும் தலா 3 லட்சம் ரூபாய் அபராதம் போடப்பட்டது. அந்த நிறுவனம் பின்னர் ஏர் இந்தியா எக்ஸ்பிரசோடு இணைக்கப்பட்டுவிட்டது.

2025-ல் இண்டிகோ முறை. கோழிக்கோடு போன்ற சிக்கலான விமான நிலையங்களுக்கு என்று தனிப்பயிற்சி உண்டு. அதற்கு தகுதி பெற்ற சிமுலேட்டரை பயன்படுத்தவில்லை என்று 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

ஒரு விமானத்தின் ஒரு நாள் டிக்கெட் வசூலோடு ஒப்பிட்டால் இந்த அபராதம் எம்மாத்திரம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. பரீட்சை அதிகாரியின் சொந்த பாக்கெட்டில் கை வைத்ததுதான் இதில் உருப்படியான காரியம்.

தூக்கமும் பாதுகாப்புதான்

பயணத்துக்கு முன் பைலட்டுகள் குழாயில் ஊதிக்காட்ட வேண்டும். கிளம்புவதற்கு 12 மணி நேரம் முன்பில் இருந்தே மது தொடக் கூடாது. முதல் முறை சிக்கினால் 3 மாதம் லைசென்சு முடக்கம். இரண்டாவது முறை 3 வருடம். மூன்றாவது முறை லைசென்சே ரத்து.

தூக்கத்துக்கு ஊதிப்பார்க்கும் குழாய் கிடையாது. அதனால் ஓய்வு நேரத்தை சட்டமாக்கினார்கள். 2025 ஜூலை 1 முதல் பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரம் ஆனது. நவம்பர் 1 முதல் இரவில் இறங்கும் எண்ணிக்கை 6-ல் இருந்து 2 ஆக குறைக்கப்பட்டது. இதற்கு ஏற்ப ஆள் வைத்து தயாராகாததால்தான் 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, விமான நிலையங்கள் திருவிழா கூட்டமாக மாறின. பிறகு அந்த நிறுவனத்துக்கு தற்காலிக விலக்கு தரப்பட்டது. மங்களூரில் தூங்கி எழுந்த கேப்டனின் கதையை படித்தவர்களுக்கு, அந்த விதி எதற்கு வந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

பயணிகளுக்கும் ஒரு பங்கு

விமான பணிப்பெண்களுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி உண்டு. புதிய ரக விமானத்துக்கு அனுமதி தரும்போதே, பாதி கதவுகளை மூடி வைத்து மீதி கதவுகள் வழியாக எல்லோரும் 90 வினாடியில் வெளியேற முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த கணக்கு யாரும் பையை தூக்காதபோது போட்ட கணக்கு.

துபாயில் எரிந்த எமிரேட்ஸ் விமானத்தில் பலர் மேலே இருந்து பைகளை எடுத்துக்கொண்டு இருந்தார்கள். விமானம் நின்ற சுமார் 9 நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்தது. பிள்ளைக்கு வாங்கிய பொம்மையும், தங்கச்சிக்கு வாங்கிய சென்ட் பாட்டிலும் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அவசர கதவு திறந்துவிட்டால் பாஸ்போர்ட்டையும் மறந்துவிட்டு இறங்க வேண்டும்.

உட்கார்ந்ததும் அவசர கதவு எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, சீட்டுகளை கையால் தொட்டுத்தான் எண்ண முடியும். பின்னால் இருக்கும் கதவையும் எண்ணுங்கள். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகுதான் குழந்தைக்கு. நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்டிவிட ஆள் இருக்காது. அந்த நேரத்தில் விமானம் வேகமாக கீழே இறங்கும். விழுகிறது என்று அலற வேண்டாம். மூச்சு விடக்கூடிய 10 ஆயிரம் அடி உயரத்துக்கு பைலட் கொண்டு வருகிறார். அதுவும் அந்த ஆறு கால் பெட்டிக்குள் பழகிய பாடம்தான்.